இருபதாம் கேள்விக்குப் பதில்

அமைதியாக நிறுவப்படும் மென்பொருள் கேள்வி எதுவும் கேட்பதில்லை என்று ஒரு நம்பிக்கை நாட்டில் பரவியிருக்கிறது. படித்தவர்களிடமும் இருக்கிறது, சரியாகச் சொன்னால், படித்தவர்களிடம்தான் இருக்கிறது. இது எத்தனை பெரிய பிழை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது என் கடமை. அது எல்லாக் கேள்விகளையும் கேட்கிறது. ஒன்றைக்கூட விடுவதில்லை. பதில்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவதால் கேட்பது நம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

அப்படி எழுதிக் கொடுப்பதற்குப் பதில் கோப்பு என்று பெயர். தூத்துக்குடியில் சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தின் பதில் கோப்பில் இருபத்தேழு கேள்விகள் இருந்தன. எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்பது முதல் கேள்வி. உரிம எண் என்ன என்பது பதினெட்டாவது. உரிம ஒப்பந்தத்தை ஏற்கிறீர்களா என்பது பத்தொன்பதாவது. ஏற்பவர் பெயர் என்ன என்பது இருபதாவது.

குரு என்பவர் வயதில் மூத்தவர் என்பதும் இதே வகையைச் சேர்ந்த நம்பிக்கைதான். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் பிலோமினா. சர்வர் பிரிவின் தலைவி. சீடருக்கு ஐம்பத்து நான்கு. பெயர் கா. சங்கரலிங்கம். இருபத்தாறு வருடம் அதே நிறுவனத்தின் எடைமேடையில் இருந்தவர். எடைமேடைக்குத் தானியங்கிக் கருவி வந்ததும் அவரை சர்வர் பிரிவுக்கு மாற்றினார்கள்.

குரு சீடரை 'அண்ணாச்சி' என்றார். சீடர் குருவை 'மேடம்' என்றார். இருவரும் அதை மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

எடைமேடையில் சங்கரலிங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. டிரைவரும் கிளீனரும் இறங்கிவிட்டார்கள் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். தானே ஏறி லாரியின் உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் எடைச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படிப்பார். அதே வழக்கத்தோடு சர்வர் பிரிவுக்கு வந்தார்.

முதல் நாள் அவருக்கு ஒரு புது சர்வரைக் கொடுத்து, திரையில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியபடியே மென்பொருளை நிறுவச் சொன்னார்கள். பதினெட்டுக் கேள்விகளை அரை மணி நேரத்தில் முடித்தார். பத்தொன்பதாவதில் உரிம ஒப்பந்தம் திறந்தது. அறுபத்தோரு பக்கம். மற்றவர்கள் அதை ஒரு விரலால் கீழே தள்ளிவிட்டு 'ஏற்கிறேன்' என்பதை அழுத்துவார்கள். சங்கரலிங்கம் வீட்டிலிருந்து அகராதியைக் கொண்டுவந்தார்.

பக்கத்து இருக்கை ஜெபசிங்குக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகைல அச்சகத்துப் பேரு வரைக்கும் படிப்பீயளோ?"

"அச்சகத்துக்காரன் போன் நம்பரு அதுலதாம்ல இருக்கு."

மூன்றாம் நாள் மதியம் படித்து முடித்தார். 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தவில்லை. எழுந்து குருவிடம் போனார். பிலோமினா திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"மேடம், பன்னெண்டாம் பக்கத்துல, இந்த உரிம எண்ணை வச்சி நாப்பது சர்வர்தான் போடலாம்னு இருக்கு."

"இருக்கட்டும். நாப்பது வரும்போது பாத்துக்கிடலாம்."

"நாப்பத்தி நாலாம் பக்கத்துல இன்னொண்ணு. ஒப்புக்கிடுதவன் எல்லாத்தையும் படிச்சிட்டேன்னு உறுதி சொல்லுதான். கணக்குக்கு மேல போனா அவன்தான் பொறுப்பு. பேரு போட்டவன்."

பிலோமினா நாற்காலியைத் திருப்பினார்.

"அப்படியா போட்டிருக்கு?"

"வாசிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "மூணு நாளாச்சு. இன்னும் ஒரு சர்வர் ஆகல."

"படிக்காம எப்படி மேடம் ஒப்புக்கிட?"

இந்தக் கேள்விக்குக் குரு வாயால் பதில் சொல்லவில்லை. அறுபத்தோரு பக்கத்தையும் அச்செடுத்துச் சீடர் கையில் கொடுத்தார். தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பதில் கோப்பைத் திறந்தார்.

"இருபதாவது கேள்விக்கு என்ன பதில் இருக்கு?"

"உங்க பேரு."

"எடுத்துட்டு உங்க பேரைப் போடுங்க."

"நானா?"

"நீங்கதான படிச்சிருக்கீங்க."

சங்கரலிங்கம் இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தலையெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தார். அதை ஒரு தீட்சையாகவே எடுத்துக்கொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பிலோமினா கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தார். அந்த வரியின் கடைசிச் சொல்லுக்கு, தமிழில் கொஞ்சம் மரியாதைக் குறைவாகச் சொன்னால், வாயை மூடு என்று பொருள்.

"இப்போ வாசிங்க. சத்தமா."

சங்கரலிங்கம் வாசிக்கத் தொடங்கினார். பிலோமினா என்டர் விசையைத் தட்டினார். திரையில் எதுவும் வரவில்லை. நாலு நிமிடம் கழித்து ஒரு வரி வந்தது.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"நான் மூணாம் பக்கத்துல நிக்கேன் மேடம்."

"நீங்க நில்லுங்க. அது ஒப்புக்கிட்டாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். சங்கரலிங்கமும் சிரித்தார். மாலையில் பிரிவு முழுவதற்கும் அரைக் கிலோ மக்ரூன் வாங்கிவந்து கொடுத்தார். பெட்டியைக் குருவிடம்தான் முதலில் நீட்டினார்.

அதன் பிறகு பிலோமினா அந்த ஒரு வரியையும் மனிதர் அடிக்கத் தேவையில்லாமல் செய்தார். புது மெஷினில் கேபிளைச் செருகினால் போதும். கட்டளை தானாக ஓடும், பதில் கோப்பைத் தானாகப் படிக்கும், நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். கேபிள் செருகுகிறவர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சங்கரலிங்கத்துக்குக் கேபிள்களில் எண் ஒட்டும் வேலை கொடுக்கப்பட்டது. நேராக ஒட்டினார்.

பதினான்காம் மாதம் நாற்பதாவது சர்வர் வந்தது. அதை எண்ணுவதற்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

சரக்குத் தளத்தின் வலையமைப்பு வெளி இணையத்தோடு சேராதது. ஆகவே அந்த மென்பொருளால் தன் முதலாளிக்கு எதையும் சொல்லியனுப்ப முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சர்வரிலும் ஒரு வரி எழுதிவைக்கும்: இன்ன நாள், இன்ன நேரம், இன்னார் ஏற்றுக்கொண்டார். மூன்றாம் ஆண்டு முடிவில் மென்பொருளை விற்றவர்களிடமிருந்து ஓர் ஆள் வந்து அந்த வரிகளைப் படித்தார். முந்நூற்றுப் பதினெட்டு வரிகள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

நிறுவனத்தின் சென்னைத் தலைமையகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சங்கரலிங்கம் ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

"இது உங்க பேருதானே?"

"ஆமா சார்."

"ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டது நீங்கதான்?"

"ஒரு தடவை சார்."

"இங்க முந்நூத்திப் பதினெட்டு தடவை இருக்கு."

"நான் பேரு எழுதுன அன்னைக்கு மிச்சம் முந்நூத்திப் பதினேழு மெஷின் வாங்கவே இல்ல சார்."

"போன வருஷம் ஆகஸ்ட் ஒன்பது, காலையில பத்து இருபது. அன்னைக்கு மட்டும் எட்டு சர்வர்."

சங்கரலிங்கம் யோசித்தார்.

"அன்னைக்கு எனக்குப் பாளையங்கோட்டையில கண்ணு ஆபரேஷன் சார். ரெண்டு நாள் கட்டுப் போட்டிருந்தாங்க."

"கண்ணைக் கட்டிக்கிட்டா ஏத்துக்கிட்டீங்க?"

அதிகாரி கேலியாகக் கேட்கவில்லை. எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டார்.

"சார், நான் எதையும் படிக்காம ஒப்புக்கிடுத ஆள் இல்ல. எடைமேடையில கேட்டுப் பாருங்க. இந்த ஒப்பந்தத்தைக்கூட மூணு நாள் உக்காந்து முழுசாப் படிச்சேன். இந்தக் கம்பெனியில அதைப் படிச்ச ஒரே ஆள் நான்தான்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"அப்போ நாப்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார். மேடம்கிட்ட அன்னைக்கே சொன்னேன்."

"எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னேன்."

"மத்தவங்க எல்லாரும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்." அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். "நாளைக்குக் காலையில பதினொரு மணிக்கு அந்த வரிகளை எல்லாம் நகல் எடுத்துக்கிட்டுப் போயிடுவோம். அதுக்கு முன்னால வேற ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

சங்கரலிங்கம் நேராகக் குருவின் அறைக்குப் போனார். பிலோமினா தனியாக இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்ன சொன்னான்?"

"திருட்டுத்தனமா போட்டதா எழுதப் போறாங்க மேடம். வேலை போனாப் போகுது, பதினொரு மாசம்தான். திருடன்னு எழுதி அனுப்புவாங்கல்லா. எடைமேடையில இருக்கிறவன் எல்லாம் என் பேரைச் சொல்லிச் சிரிப்பானே."

பிலோமினா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். திரையில் பதில் கோப்பு திறந்திருந்தது. அதன் கீழே கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்துத் தயாராக இருந்தது.

"இருபதாவது பதிலை மாத்திட்டு என்டர் தட்டுங்க. அவங்க இன்னும் நகல் எடுக்கல. முந்நூத்திப் பதினெட்டுலயும் மாறிரும். நாலு நிமிஷம்."

சங்கரலிங்கம் உட்கார்ந்தார். தன் பெயரை அழித்தார். புள்ளியையும் அழித்தார். அந்த இடத்தைக் காலியாக விட்டு என்டர் தட்டினார்.

ஆளில்லாத இடத்தில் மூன்று வருடம் வாயைத் திறக்காமல் ஓடிய கட்டளை இப்போது பேசியது. இருபதாம் கேள்விக்குப் பதில் இல்லை, நிறுத்தப்பட்டது என்றது.

"காலியா விட்டா எடுக்காது அண்ணாச்சி."

"யாரு பேரைப் போட?"

பிலோமினா சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கீழே எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. யாரும் இறங்கவில்லை. கருவி எடையைக் காட்டியது. லாரி போய்விட்டது.

சங்கரலிங்கம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'பி' என்று அடித்தார். விசை தட்டும் சத்தம் கேட்டும் பிலோமினா திரும்பவில்லை. தடுக்கவும் இல்லை.

"மேடம்."

"சொல்லுங்க."

"இதுல முதல்ல உங்க பேருதானே இருந்துது?"

"ஆமா. பழைய பதிப்பு எல்லாம் என் பேருலதான் போட்டோம். அந்த மெஷினுங்க கழிவுக்குப் போயிட்டு."

"நான் வந்து நாப்பத்தி நாலாம் பக்கத்தைச் சொன்ன பெறகுதான் என் பேரைப் போடச் சொன்னீங்க."

"ஆமா."

"நான் அதை..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். மக்ரூன் ஞாபகம் வந்திருக்கலாம். "உங்க பேருக்கு முன்னால?"

"எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தவரு பேரு. வேலையில சேர்ந்த மூணாவது வாரம் என்னைப் பக்கத்துல உக்கார வச்சி, என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடும்மான்னாரு. எனக்கும் அன்னைக்குச் சந்தோஷமாத்தான் இருந்துது."

"அவரு ஏன் சொன்னாருன்னு எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க அந்தப் பக்கத்தைச் சொன்ன அன்னைக்கு."

சங்கரலிங்கம் திரையில் இருந்த ஒற்றை எழுத்தை அழித்தார். கோப்பில் மறுபடியும் வெற்றிடம்.

"அப்போ இனிமே நான் என்ன செய்யணும் மேடம்? நீங்களே சொல்லுங்க. நீங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க."

பிலோமினா சன்னலிலிருந்து திரும்பினார்.

"அவருக்கு நான் வந்தேன். எனக்கு நீங்க வந்தீங்க. உங்களுக்கு யாரும் வரல அண்ணாச்சி."

சங்கரலிங்கம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரையே திரும்ப அடித்தார். தலையெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தார். கோப்பைச் சேமித்துவிட்டு எழுந்தார். கறுப்புத் திரையில் இருந்த வரியை அவர் தட்டவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு நகல் எடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நிறுவனம் புதிய உரிமம் வாங்கியது. உரிம எண் மாறியதால் பதில் கோப்பில் பதினெட்டாம் பதிலை மட்டும் பிலோமினா திருத்தினார்.

சீடர் போன பதினொன்றாம் நாள் முந்நூற்றுப் பத்தொன்பதாவது சர்வர் வந்தது. ஜெபசிங் கேபிளைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனார். நாலு நிமிடம் ஆனது. ஏற்றுக்கொண்டவர்: கா. சங்கரலிங்கம்.