ஆற்றங்கரையில் வழி பிறந்த கதை

மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் ஆறு, ஊரார் மண்டைக்குள் நல்ல காற்றோட்டம். அதுதான் மூங்கிலடிப்பட்டி. அந்த ஊர் இளவட்டம் அம்மாசைக்கு அன்று அக்கரையில் கல்யாணம். உச்சிப்பொழுதுக்குள் வந்து சேராவிட்டால் பெண்ணை அவள் மாமன் மகனுக்குக் கட்டிவிடுவோம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

ஆற்றில் முழங்கால் தண்ணீர். அம்மாசை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கப் போனான். தோழன் உத்தண்டி பாய்ந்து பிடித்தான்.

“மாப்பிள்ளை காலை யாருடா கழுவணும்?”

“மாமியார்.”

“ஆறு கழுவிட்டா?”

அம்மாசைக்குப் பகீரென்றது. “ஆறு மாமியாராயிடும்!”

“அப்புறம் அது பெத்த பொண்ணைத்தான் நீ கட்டணும்.”

“தூக்கிட்டுப் போயிரலாமா?” என்றான் வெள்ளையன், இன்னொரு தோழன்.

“தூக்கிட்டுப் போனா சங்கு ஊதணும்டா. நம்மகிட்ட மேளம்தானே இருக்கு?”

அந்தப் பக்கம் வந்த உப்பு வியாபாரியிடம் யோசனை கேட்டார்கள். “தேவைன்னு வந்துட்டா வழி தானா பொறக்கும், போங்கப்பா” என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

மூவரும் அதை நெடுநேரம் அலசினார்கள்.

“தேவைன்னு ஒருத்தி வருவாளாம். அவளுக்கு வழி பொறக்குமாம்” என்றான் உத்தண்டி.

“அப்போ அவ புள்ளத்தாச்சி” என்றான் வெள்ளையன். சீர்த்தட்டிலிருந்து ஒரு சீப்புப் பழத்தை அவளுக்காக எடுத்து வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து ஒரு நிறைமாதக்காரி, புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நடந்தே வந்து கரையேறினாள். மருத்துவச்சி வீடு இந்தக் கரையில்தான். வலி எடுத்துவிட்டது.

உத்தண்டி கைகூப்பினான். “தாயே, நீங்கதான் தேவையா?”

“அடப் பாவிகளா, நானே வலியில துடிக்கிறேன், இப்போ இந்தக் கேள்வி தேவையா?”

“தேவையேதான்! அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க!”

மேளதாளத்தோடு அவளை மருத்துவச்சி வீட்டில் சேர்த்தார்கள். உள்ளே குழந்தை வீறிட்டது. அம்மாசை ஆசையாக எட்டிப் பார்த்தான். முகம் தொங்கிப் போனது.

“முழ நீளம்தான்டா இருக்கு. ஆறு எவ்வளவு அகலம்!”

“பொறந்ததுமே எந்த வழிடா நீளமா இருந்திருக்கு?” என்று வெள்ளையன் தேற்றினான்.

வெயில் உச்சிக்கு வந்தது. அக்கரையில் மணப்பெண் செங்கமலமே மாலையும் கழுத்துமாக வந்து நின்று கத்தினாள்.

“யோவ்! வர்றியா, இல்ல மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டட்டுமா?”

அம்மாசை கரைக்கு ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினான்.

“அவசரப்படாத செங்கமலம்! வழி பொறந்திருச்சு! இப்பத்தான் பால் குடிக்குது. அந்தக் கரைக்கு எட்டுற அளவு வளர்ந்ததும், அது மேலேயே நடந்து வந்துடறேன்!”