பாதாளத்துக்கு ஒரு குடம்

அருமைநாயகம் உபதேசியார் அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஆயரம்மா பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நரகம் மெய்யாம்மா, உவமையா?"

"யாருக்கு அண்ணாச்சி?"

அருமைநாயகத்துக்கு விளங்கவில்லை. யாருக்கு என்றால் எல்லாருக்கும்தான். மெய் என்றால் எல்லாருக்கும் மெய். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு சாந்திவிளை சபைக்கு உபதேசியாராக வந்தார். ஆயர் இல்லாத நாட்களில் ஆராதனை நடத்துவதும், வீடுகளுக்குப் போய் ஜெபிப்பதும் வேலை. வேதபாடங்களைச் சபையின் ஆயரான எப்சிபா அம்மாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். ஆயரம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதில் அவருக்குக் கூச்சம் இல்லை. ஊர் இளவட்டங்கள்தான் கேலி பேசும். முன்னே திருச்செந்தூருக்கு டிக்கெட் கொடுத்தவர் இப்போது பரலோகத்துக்குக் கொடுக்கிறார், ஆனால் பாக்கிச் சில்லறையை இறங்கும்போதுதான் தருவார் என்று.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் ஒரு ஞாயிறு ஆயரம்மா வேறு ஊருக்குப் போயிருந்தார். அருமைநாயகம் பிரசங்கம் செய்தார். பிச்சைக்காரன் லாசரு பரலோகத்துக்கும் பணக்காரன் நரகத்துக்கும் போன வேதக்கதை. பின்படியில் நின்றுகொண்டு முன்படிவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அவருக்கு. தீயில் கிடந்து நாக்கு வறண்டு, ஒரு விரல்நுனித் தண்ணீருக்குக் கெஞ்சுகிறவனைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நன்றாக வந்தது என்றுதான் அன்று நினைத்தார். கடைசி வரிசையில் தங்கப்புஷ்பம் இருந்ததை அவர் பார்க்கவில்லை.

தங்கப்புஷ்பத்தின் ஒரே மகன் டைட்டஸ் மார்கழியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அப்படிப் போனவர்களுக்குச் சாந்திவிளையில் மணி அடிப்பதில்லை. ஆயர் வருவதில்லை. உபதேசியார் மட்டும் போய்ச் சுருக்கமாக ஜெபித்து, கல்லறைத் தோட்டத்தின் வேலியோரத்தில் அடக்கம் செய்துவிட்டு வருவார். இந்த வழக்கத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் மீறியதில்லை.

பிரசங்கத்துக்கு மறுநாள் காலை தங்கப்புஷ்பம் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மகனுடைய தலைமாட்டில், வாய் இருக்கும் இடம் இதுதான் என்று தானாகவே ஓர் அனுமானம் வைத்து, மெதுவாக ஊற்றினாள். அதற்கப்புறம் தினமும் ஊற்றினாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊர் அது. அது ஒரு பேச்சானது. செத்தவருக்குத் தண்ணீர் விடுவது நம் உபதேசத்தில் இல்லை என்பது பெரிய பேச்சானது. சபைக் கமிட்டி கூடி, பண்டிகைக்குள் அவள் நிறுத்தாவிட்டால் ஈஸ்டர் அன்று அவளுக்கு அப்பமும் ரசமும் கொடுக்கும் இராப்போஜனம் கிடையாது என்று முடிவு செய்தது. செயலர் சாம்ராஜ் உபதேசியாரை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போய், தீயைப் பற்றவைத்தது நீர்தான், நீரே அணைத்துவிடும் என்றார்.

அருமைநாயகம் சொல்லி முடித்தபோது பூசணிக்காயும் முடிந்திருந்தது.

"புஷ்பக்கா உங்ககிட்ட கேட்டாங்களா, நரகம் மெய்யான்னு?"

"இல்லம்மா. அவ ஒண்ணும் கேக்கல. தண்ணி ஊத்துதா, அவ்வளவுதான்."

"அப்போ கேள்வி உங்களுக்கு."

ஆயரம்மா கையைக் கழுவிவிட்டு அலமாரியிலிருந்து இரண்டு தடித்த விளக்கவுரைகளை எடுத்துவந்தார். ஒன்று, தீ என்றால் தீதான் என்று சொல்வது. மற்றது, கர்த்தரை விட்டுத் தூரமாகப் போவதைத்தான் தீ என்று சொல்லியிருக்கிறது, அங்கே குழியும் இல்லை ஜுவாலையும் இல்லை என்று சொல்வது. இரண்டையும் உபதேசியாரின் மடியில் வைத்தார்.

"இதுல யாரும்மா சரி?"

"ரெண்டு பேரும் பெரிய பக்திமான்கள். ரெண்டு பேரும் செத்துட்டாங்க. இப்போ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நமக்கு எழுதிப் போடல."

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

வீட்டில் இரண்டையும் வாசித்தார். தீ உண்டு என்பதற்கு இருந்த வசனங்களும் பலமாக இருந்தன. இல்லை என்பதற்கு இருந்த நியாயங்களும் பலமாக இருந்தன. கடைசியில், ஒரு தாய்க்கு எது ஆறுதலோ அதையே எடுத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தார். அவர் மனசும் லேசாயிற்று.

தங்கப்புஷ்பம் வாசலில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே கிடந்த கல்லில் அவர் உட்கார்ந்தார். வேதத்தில் தீ என்று எழுதியிருப்பது நாம் நினைக்கிற தீ அல்ல என்றார். அது ஓர் உவமை. கர்த்தருக்குத் தூரமாக இருப்பதை நமக்குப் புரியும்படி அப்படிச் சொல்லியிருக்கிறது. மற்றபடி அப்படி ஓர் இடம் பூமிக்குக் கீழேயும் இல்லை, வேறெங்கும் இல்லை. ஆகவே அழவேண்டாம்.

அவள் அழவில்லை.

"அப்போ அவனுக்குத் தாகம் எடுக்காதா ஐயா?"

"எடுக்காது."

"தண்ணி வேண்டாம்?"

"வேண்டாம்மா."

அவள் தலையாட்டினாள். குடத்தைக் கவிழ்த்துவைத்தாள். அருமைநாயகம் எழுந்து செருப்பை மாட்டினார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ எம்பிள்ளை எங்க ஐயா?"

கர்த்தருடைய கையில் என்று அவர் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"தூரம்னு இப்பத்தானே சொன்னீய?"

அவர் ஒரு செருப்போடு நின்றார்.

"தீயில கெடக்கான்னு அன்னைக்குச் சொன்னீய. சரி, ஒரு எடத்துல இருக்கான்லா, நாம போய்ப் பாத்துக்கிடுவோம்னு இருந்தேன். இப்ப அந்த எடமே கெடையாதுங்கீய." அவள் சத்தமாகப் பேசவில்லை. கணக்கில் எங்கோ தவறியவளைப்போல அவர் முகத்தையே பார்த்தாள். "பெத்தவ நான் எங்கன்னு போய்த் தேட?"

மறுநாள் அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சாம்ராஜ் நடுத்தெருவில் உபதேசியாரின் தோளைத் தட்டி, காரியம் முடித்துவிட்டீரே என்று சொல்லி ஒரு டீயும் வாங்கிக்கொடுத்தார். அந்த டீயை அவர் பாதியிலேயே வைத்துவிட்டார். ஏனென்றால் தங்கப்புஷ்பம் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். கஞ்சி கொண்டுபோனால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறாள். பெரிய வெள்ளிக்கிழமையும் கோயிலுக்கு வரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அருமைநாயகம் ஆயர் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"தீ உண்டுன்னேன், தண்ணி சுமந்தா. தீ இல்லன்னேன், சுருண்டு படுத்துட்டா. எனக்கு ஒண்ணும் ஓடலம்மா. ரெண்டுல எதையாவது ஒண்ணை மெய்ன்னு சொல்லுங்க. அதையே அவகிட்ட போய்ச் சொல்லிருதேன்."

ஆயரம்மா அடுக்களைக்குள் போனார். குடத்தை எடுத்துவந்து முற்றத்து அடிபம்பில் வைத்து அடித்தார். பம்பு கொஞ்ச நேரம் முக்கிவிட்டுத் தண்ணீர் தந்தது. குடம் நிறைந்ததும் இடுப்பில் தூக்கி வைத்தார். பழக்கம் இல்லாததால் சேலை நனைந்தது. அருமைநாயகம் வாங்கிக்கொள்ளப் போனார். ஆயரம்மா கொடுக்கவில்லை.

தங்கப்புஷ்பத்தின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஆயரம்மா உள்ளே போகாமல் நடையில் நின்று கூப்பிட்டார்.

"புஷ்பக்கா, எனக்கு எடம் தெரியல. அன்னைக்கு நான் வரல. வந்து காட்டுங்க."

அங்கே ஒன்றும் இல்லை என்று உபதேசியார் சொல்லிவிட்டாரே என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவருக்குத் தெரியாது."

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் தெரியாது," என்றார் ஆயரம்மா. "குடம் கனக்குதுக்கா."

தங்கப்புஷ்பம் வெளியே வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. நனைந்த சேலையையும் ஆயரம்மா குடம் பிடித்திருந்த விதத்தையும் பார்த்தாள். இப்படிப் பிடித்தால் போய்ச் சேருவதற்குள் பாதி சிந்திவிடும் என்று சொல்லி வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மூன்று பேரும் தெரு வழியாகப் போனார்கள். சாம்ராஜ் கோயில் வாசலில் ஈஸ்டருக்கு வாழைமரம் கட்டுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். குடத்தைப் பார்த்ததும் இறங்கிவந்தார். குரலைத் தாழ்த்தி, கமிட்டி தீர்மானம் அம்மாவுக்குத் தெரியும்தானே என்று கேட்டார்.

"தெரியும் செயலரே. விலக்குறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்து விலக்குங்க."

"ஆயரம்மாவ எப்படிம்மா விலக்க? இராப்போஜனம் கொடுக்குறதே நீங்கதானே?"

"அப்போ நாளைக்கு யாருக்கும் கிடையாது. வாழைமரத்தை நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க, காத்து அடிக்குது."

சாம்ராஜ் உபதேசியாரைப் பார்த்தார். மூன்றாவது ஆளாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டிய இடம் அது என்று அருமைநாயகத்துக்குத் தெரிந்தது. அதைச் சொல்லாமலே அவர் குடத்தின் பின்னாலேயே நடந்தார்.

வேலியோரத்தில் சிலுவை எதுவும் நடப்படாத மண்மேடு. தண்ணீர் விழுந்த இடத்தில் மட்டும் அருகம்புல் தளிர்த்திருந்தது. தங்கப்புஷ்பம் குடத்தை இறக்கினாள். ஆனால் ஊற்றவில்லை. குனிந்தபடியே நின்றாள்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. எம்பிள்ளை அங்க இருக்கானா?"

அருமைநாயகம் ஓர் அடி முன்னால் வந்தார். அவருக்கும் வேண்டிய பதில் அதுதான்.

ஆயரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலக்கா. ஆண்டவரு செத்து, பாதாளத்துக்கு எறங்கிப் போனாருன்னு விசுவாசப் பிரமாணத்துல வாராவாரம் எந்திரிச்சு நின்னு சொல்லுதோம்லா. நேத்து செத்தாரு. இன்னைக்கு அங்கதான் இருக்காரு. நாளைக்கு விடியக்காலம் ஏறி வருவாரு. வந்ததும் கேப்போம், அங்க டைட்டஸைப் பாத்தீயளான்னு."

தங்கப்புஷ்பம் அவரையே பார்த்தாள். பிறகு குடத்தைச் சாய்த்தாள். மண் தண்ணீரைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது.

ஆயரம்மா இதை மெய்யாகச் சொன்னாரா, உவமையாகச் சொன்னாரா? அருமைநாயகத்துக்குப் புரியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் தங்கப்புஷ்பம் நிமிர்ந்தாள்.

"எத்தனை மணிக்கும்மா வருவாரு?"

"நாலு மணிக்கே கோயிலுக்கு வந்துருங்கக்கா," என்றார் ஆயரம்மா. "முன்னால உக்காருவோம்."