வில்லின் இடப்பக்கம்

கோலம்மை அண்ணாவியிடம் வில்லுப்பாட்டு படிக்க வந்தவர்களில் அவளைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான் உண்டு. பெயர் சுயம்புலிங்கம். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. கோலம்மைக்கு நாற்பத்தாறு.

வந்த அன்று வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் வைத்து, குனிந்து குருவின் காலைத் தொடப் போனார். கோலம்மை காலை இழுத்துக்கொண்டாள்.

"வயசுல மூத்தவுக என் காலைத் தொடக்கூடாது. வில்லைத் தொட்டுக் கும்பிடுங்க, அது போதும்."

அன்றிலிருந்து அவர் அவளை அண்ணாவி என்றார். அவள் அவரை அண்ணே என்றாள். யார் குரு, யார் சீடர் என்று பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இருவருக்கும் இல்லை.

வில்லுப்பாட்டில் அண்ணாவி நடுவில் உட்காருவாள். முன்னால் மணி கட்டிய பெரிய வில். வீசுகோலால் நாணைத் தட்டிக்கொண்டே கதை பாடுவாள். ஒருவர் உடுக்கை, ஒருவர் தாளம், மண்குடம் அடிக்கத் தாணு. அண்ணாவியின் இடப்பக்கம் உட்காருகிறவருக்கு ஒரே வேலை. அவள் ஒரு சேதி சொன்னதும் 'ஆமா' என்று சொல்ல வேண்டும். அவர் ஆமா சொன்ன பிறகுதான் அண்ணாவி அடுத்த அடிக்குப் போவாள்.

சுயம்புலிங்கத்தை அந்த இடத்தில்தான் உட்கார வைத்தாள். மூன்று வருஷம் ஆயிற்று.

மூன்று ஸ்டாப்புக்கு முன்னாலேயே கேட்கும் குரல் அவருடையது. அந்தக் குரலுக்கு ஒரே ஒரு வார்த்தை. சொந்த ஊரான மருதங்குளத்தில் டீக்கடைக்குப் போனால், வேண்டுமென்றே அவரிடம் கேட்பார்கள். வெயில் கூடிப்போச்சு என்ன, பருப்பு விலை ஏறிப்போச்சு என்ன, என்று. அவர் ஆமா என்றதும் சிரிப்பார்கள். 'ஆமாச்சாமி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாவம், சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

பங்குனியில் மருதங்குளம் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. அந்த ஒரு கொடைக்காவது, சொந்த சனங்கள் முன்னால் வில்லுக்கு உட்கார்ந்து கதை பாடிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மன் முன்னால் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் வேண்டிக்கொண்டார்.

ஒரு நாள் காலை கோலம்மை பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். சுயம்புலிங்கம் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாவி, ஆமா சொல்லுததுல படிக்கதுக்கு என்ன இருக்கு?"

"அதைத்தான் நானும் உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன், அண்ணே" என்றாள் கோலம்மை.

அவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

அவர்கள் அதிகம் பாடியது வேலம்மை கதை. அது அந்தப் பக்கத்து ஏழு ஊருக்கும் சொந்தமான கதை. வேலம்மை மடை காக்கும் வீட்டுப் பெண். பெருமழையில் குளம் உடையப் போகிறது. தகப்பன் படுக்கையில் கிடக்கிறார். ஒரே அண்ணன், நடக்க மாட்டாதவன். அவள் தனியாகக் கரைமேல் போய் மடையைத் திறந்துவிடுகிறாள். ஏழு ஊரும் பிழைக்கிறது. அவள் மட்டும் திரும்பவில்லை.

தை மாதம் பக்கத்து ஊர்க் கொடையில் அந்தக் கதை. பகல் பாட்டு. கோலம்மைக்கு அன்று உடம்பு சரியில்லை. வேறொரு கதையின் அடி நாக்கில் வந்து விழுந்துவிட்டது.

"வேலம்மைக்கு ஏழு அண்ணன்மார்" என்று பாடினாள்.

"ஆமா" என்றார் சுயம்புலிங்கம்.

வில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஆமா விழுந்த சேதியைத் திரும்ப எடுக்கக்கூடாது. சாமி முன்னால் ஒருத்தர் சொல்லி, ஒருத்தர் ஒத்துக்கொண்டும் ஆயிற்று. தப்பாக வந்தால் இடப்பக்கத்தவர் ஆமா சொல்லாமல் சும்மா இருக்க வேண்டும். அண்ணாவி அதிலேயே சுதாரித்துக்கொள்வாள்.

இப்போது ஆறு அண்ணன்மார் கூடிப்போனார்கள். அவர்களைக் கரையில் வைத்துக்கொண்டு தங்கையைத் தனியாக மடைக்கு அனுப்ப முடியுமா? கோலம்மை வீசுகோலை ஒரு தட்டுத் தட்டினாள். ரெண்டு பேரை உப்பு வாங்க அனுப்பினாள். ரெண்டு பேருக்குப் பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, மாமியார் வீட்டோடு நிறுத்தினாள். மீதி ரெண்டு பேரை அம்மை வார்த்துப் படுக்க வைத்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை குளத்துத் தண்ணீர் ஏறாமல் காத்துக்கொண்டிருந்தது.

குடத்துக்குப் பின்னால் தாணு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்கள் ரசித்துத்தான் கேட்டார்கள். திரும்பி வரும்போது வேனில் தாணு ஆரம்பித்தான்.

"சுயம்பண்ணே, அம்மை வாத்த ரெண்டு பேருக்கும் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுயம்புலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"தப்பாச் சொன்னது நானா?" என்று கேட்டார்.

"நாக்கு என்னுது, அண்ணே" என்றாள் கோலம்மை. "காது உங்களுது."

உண்மையில் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்து வரும் அடிகளை மனசுக்குள் தானே பாடிக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான். அதை அவர் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார். எனக்குக் கதை முழுக்க மனப்பாடம், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வில்லுக்கு நான் இருந்திருந்தால் ஒரு அடி பிசகியிருக்காது என்று சொல்லிவிட்டார்.

தாணு வெளியே பார்த்துக்கொண்டான்.

கோலம்மைக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"சரி அண்ணே. மருதங்குளத்துக் கொடைக்கு நீங்க வில்லுக்கு இருங்க. நான் இடப்பக்கம் இருக்கேன்."

"நீங்களா? ஆமா போடவா?"

"ஏன், எனக்கு வராதா?"

அதற்கப்புறம் சுயம்புலிங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. விடிந்ததும் பாட ஆரம்பித்துவிடுவார். மனைவி செல்லக்கனி அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டே ஆமா போடுவாள். குக்கர் விசில் அடித்தால் அதையும் ஆமா என்று எடுத்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போவார். சம்பந்தி வீட்டாருக்குத் தானே நேரில் போய்ச் சொல்லி வந்தார். கொடை நோட்டீசில் 'மருதங்குளம் சுயம்புலிங்கம் குழுவினரின் வில்லிசை' என்று அச்சடித்து வந்தது. தாணு அதைக் கொண்டுபோய் அண்ணாவியிடம் காட்டினான். அவள் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்து நல்லா பெரிசா இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

கொடை அன்று மத்தியானம் பந்தல் நிறைந்திருந்தது. வேலம்மை கோயில் குளத்தங்கரையில்தான். பந்தலில் இருந்து பார்த்தால் கரை முழுக்கத் தெரியும். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். டீக்கடைக்காரர்களும் வந்திருந்தார்கள்.

கோலம்மை குளித்து, திருநீறு பூசி வந்தாள். வில்லைத் தொட்டுக் கும்பிட்டாள். இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது.

சுயம்புலிங்கம் வீசுகோலை எடுத்தார். குரல் நன்றாகவே வந்தது. முதல் சேதியைச் சொன்னார்.

"ஆமா" என்றாள் கோலம்மை.

அவர் ஒரு கணம் திகைத்தார். வெளியூரில் இருந்து வந்தவரிடம், உள்ளே வாங்க, உக்காருங்க, பெறவு என்ன ஆச்சு என்று கேட்பதுபோல இருந்தது அந்த ஆமா.

முதலில் அவர் சம்பந்தி வீட்டாரைப் பார்த்துத்தான் பாடினார். பிறகு டீக்கடைக்காரர்களைப் பார்த்து. கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திரும்பிவிட்டார். அங்கேதான் கதை கேட்க ஆள் இருந்தது. தகப்பன் படுக்கையில் விழுந்தான் என்றால் அவள் ஆமாவில் கவலை இருந்தது. வேலம்மை அண்ணனைக் கேலி செய்தாள் என்றால் அதில் சிரிப்பு இருந்தது. மழை நாலு நாளாக விடவில்லை என்றபோது, ஐயோ அப்படியா என்பதுபோல ஒரு ஆமா. அவருக்கு மேலும் சொல்ல வேண்டும்போல இருந்தது. நோட்டில் இல்லாத ஒன்றிரண்டு வார்த்தைகள் தானாக வந்தன. மழையில் நனைந்த வேலம்மையின் பாவாடைக் கரையைச் சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. மடியில் நோட்டு திறந்தபடி கிடந்தது. அதன் பக்கத்தைத் திருப்ப அவர் மறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வேலம்மை கரைமேல் ஏறிவிட்டாள். அண்ணன் வாசலில் கிடந்தபடி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்தக் குரல் கேட்டு அவள் ஒரு தரம் நிற்கிறாள். பிறகு போகிறாள். போனாள் என்ற சொல் விழும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். வராவிட்டால் கொடை நிறையாது. பாடினவனுக்கு அந்த ஊரில் பிறகு வில் கிடையாது.

வீட்டில் பாடும்போதெல்லாம் நின்றதையும் போனதையும் சுயம்புலிங்கம் ஒரே மூச்சில் பாடிவிடுவார்.

"நின்னாளே வேலம்மை" என்று பாடி, அடுத்த அடிக்கு வாயைத் திறந்தார்.

ஆமா வரவில்லை.

திறந்த வாய் அப்படியே இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேனா? அண்ணன் ஒருத்தன்தான். சரிதான். கரை சரி. மழை சரி. தாணுவின் கை குடத்துக்கு மேலே நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேனில் சொன்ன வார்த்தை அவருக்கு நினைவு வந்தது. அதற்குத்தான் இது. என் ஊரில், என் சனங்கள் முன்னால், அண்ணாவி என்னைக் கவிழ்த்துவிட்டாள். கோபமும் பயமுமாக இடப்பக்கம் திரும்பினார்.

கோலம்மை அவரைப் பார்க்கவில்லை. பந்தலைத் தாண்டிக் குளத்தங்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்ப்பதைப் பார்த்து முன்வரிசையில் ஒருத்தி திரும்பினாள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சுயம்புலிங்கமும் பார்த்தார். கரைமேல் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று பிறகு கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"ஆமா" என்றாள் கோலம்மை. பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்கும் குரல்.

எட்டுக்கட்டையில் பாடுவதற்கென்று பழகி வைத்திருந்த அடி அது. சுயம்புலிங்கத்துக்கு அப்படிப் பாட வரவில்லை. வீட்டில் உள்ளவர்களிடம் துக்கச் சேதி சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னார்.

"போயிட்டா."

சாமியாடி எழுந்துவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். தாணு குடத்தில் கை வைத்தான்.

பந்தி முடிந்து வெயில் தாழ்ந்த பிறகு, வேன் பக்கத்தில் கோலம்மை வில்லின் மணிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கோயிலில் போர்த்திய துண்டு தோளில் கிடக்க, சுயம்புலிங்கம் வந்து நின்றார். டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத கதையைச் சொன்னார். சம்பந்தி சொன்னதைச் சொன்னார். எல்லாவற்றையும் அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. கேட்க ஒன்று இருந்தது.

"அண்ணாவி, அந்த எடத்துல நான் தப்பாப் பாடிட்டனா?"

"இல்லையே. ஒரு பிசகும் இல்ல."

"பெறவு ஏன் ஆமா சொல்லல்ல? எம்மேல உள்ள கோவமோன்னு நெனச்சிட்டேன்."

"சேச்சே."

"அப்ப எனக்குப் படிச்சுக் குடுக்கவா?"

"அந்நேரம் படிச்சுக் குடுக்க யாருக்குப் புத்தி இருந்துது?"

"இந்தக் கதைய நீங்க எத்தனை வருஷமாப் பாடுதிய?"

"வாற ஆடிக்கு இருபத்தாறு."

"அடுத்த அடி என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கோலம்மையின் கை மணியில் நின்றது.

"தெரியும், அண்ணே. ஆனா அவ நின்னான்னு நீங்க சொன்னியல்லா? ஒருவேளை திரும்பி வந்துருவாளோன்னு பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."