பதினேழு புள்ளிக் கச்சேரி

மண்ணுருட்டிப்பட்டிக்காரர்கள் மக்குகள் என்று நான் சொல்லமாட்டேன். நான் பெண் எடுத்த ஊர் அது. வீட்டில் எனக்குச் சோறு கிடைக்கவேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், மிச்சத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த ஊரில் பெத்தபெருமாள் என்று ஒருவன் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தான். அதே ஊர்ப் பெண் பவளக்கொடி மேல் உயிரையே வைத்திருந்தான். அவளும் சளைத்தவள் இல்லை, நல்ல சைக்கிளைக்கூட வாரம் இரண்டு தடவை காற்றைப் பிடுங்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவாள். அவள் அப்பா வேதாசலம் நாற்பது வருஷம் கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசித்துவிட்டு, முன்பல் இரண்டும் விழுந்த பிறகு ஓய்ந்தவர். பெண் கேட்டுப் போன பெத்தபெருமாளிடம் ஒரே போடாகப் போட்டார்.

"பங்குனி உத்திரத்தன்னிக்கு என் வாசல்ல நின்னு கிளாரினெட்டுல ஒரே ஒரு பாட்டு வாசி, பொண்ணு உனக்கு. இல்லேன்னா மறுநாளே மாயவரத்து மாப்பிள்ளைக்குத் தட்டு மாத்திடுவேன்."

உத்திரத்துக்கு இருபதே நாள். பெத்தபெருமாள் தன் சிநேகிதர்கள் உத்தண்டியையும் சடையப்பனையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினான். கிளாரினெட் பற்றிப் புத்தகம் வேண்டும் என்றான். நூலகர் தேடித் தேடி, அட்டையில் கிளாரினெட் படம் போட்ட ஒரு தடிப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"இது நாவல்ப்பா. சந்திரகாந்தன்னு ஒரு கிளாரினெட் வித்துவானோட கதை" என்று சொல்லவும் செய்தார்.

"கதையா இருந்தா என்ன சார்? அவன் வாசிச்சானா இல்லையா?" என்றான் உத்தண்டி.

"வாசிச்சான்."

"அப்ப அவன் செஞ்சதையெல்லாம் வரிசையா செஞ்சா இவனுக்கும் வாசிக்க வந்துட்டுப் போவுது!"

நூலகர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

மூவரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் சடையப்பன்தான். முதல் அத்தியாயத்தில், கொட்டும் மழையில் சந்திரகாந்தன் ஆற்றங்கரையில் நின்றான். மாசி மாதத்தில் மழைக்கு எங்கே போவது? பெத்தபெருமாளை ஆற்றங்கரையில் நிறுத்தி, உத்தண்டி குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினான்.

"நிறுத்துடா! கொட்டும் மழைன்னு போட்டிருக்கு. நீ ஊத்துற" என்று அதட்டினான் சடையப்பன்.

அதுவரை ஊற்றின இருபத்தியொரு குடமும் வீண். திரும்ப முதலிலிருந்து கொட்டினார்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் தந்தை அவனை அடித்து விரட்டினார். பெத்தபெருமாளின் அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. அதனால் உத்தண்டியின் அப்பாவைக் கேட்டுக்கொண்டார்கள். பாவம், அவர் எத்தனை வருஷமாக இதற்குக் காத்திருந்தாரோ, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மூன்று பேரையும் விளாசினார். சொந்தப் பிள்ளை என்று உத்தண்டிக்கு மட்டும் நாலு அடி கூட.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். "மூன்று ஆண்டுகள் உருண்டோடின" என்று இருந்தது.

"உத்திரத்துக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. மூணு வருஷத்துக்கு நான் எங்கடா போவேன்? என் பவளம் மாயவரத்துக்குப் போயிடுவாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டான் பெத்தபெருமாள்.

உத்தண்டி கன்னத்தில் கை வைத்து வெகுநேரம் யோசித்தான். "பதறாதே. நடந்து போனாத்தான் மூணு வருஷம் ஆவும். உருண்டு ஓடினா சட்டுனு ஆயிடாதா?"

அட, ஆமாம்! பெத்தபெருமாளை ஏரிக்கரை மேல் படுக்கவைத்து, வருஷத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை உருட்டிவிட்டார்கள். நடு வருஷம் லீப் வருஷமாக இருந்தால் என்ன செய்வது என்று அந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினார்கள். அவன் கருவேல முள்ளில் போய் நின்றான்.

இப்படியே ஒன்று விடாமல் செய்து முடிக்க, உத்திரமும் வந்தது. வேதாசலம் வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. சடையப்பன் உரக்கப் படித்தான்: "பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்தான்."

பெத்தபெருமாள் பைக்குள் கைவிட்டான். சொலூஷன் டப்பாவும் திருப்புளியும் வந்தன. பையைக் கவிழ்த்து உதறினான், கிளாரினெட் வரவில்லை. வாங்கவேண்டும் என்று புத்தகத்தில் எங்கேயும் போடவில்லையே, அவன் என்ன செய்வான்?

"மாமா, உங்களுதைக் கொஞ்சம் கொடுங்க. வாசிச்சுக் காட்டிட்டுத் தந்துடறேன்."

வேதாசலம் முறைத்துக்கொண்டே எடுத்து வந்து கொடுத்தார். சடையப்பன் தொடர்ந்தான்: "சந்திரகாந்தன் கிளாரினெட்டை உதட்டில் வைத்தான்." அதற்கப்புறம் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"அப்புறம் என்னடா?"

"அப்புறம் வெறும் புள்ளியா வெச்சிருக்காங்கடா! அதுக்கடுத்து 'ஊரே கண்ணீர் விட்டது'ன்னு இருக்கு."

"எத்தனை புள்ளி?"

"பதினேழு."

"அதான் பாட்டு! புள்ளிக்கு ஒரு ஊது" என்றான் உத்தண்டி.

கதவுக்குப் பின்னாலிருந்து பவளக்கொடி அழுகிற குரலில் கத்தினாள். "கவனமா எண்ணிக்கய்யா! பதினெட்டு ஆச்சுன்னா எங்கப்பா ஒத்துக்கமாட்டாரு!"

பெத்தபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். பீ! மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பீ! தொட்டில் குழந்தைகள் எல்லாம் ஒன்றாக வீறிட்டன. பதினேழு பீயும் முடிந்தபோது குழந்தைகள், தாய்மார்கள், காதைப் பொத்தின கிழவர்கள் என்று ஊரே கண்ணீர் விட்டது. புத்தகத்தில் இருந்தபடியேதான்.

வேதாசலமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருஷம் வாசிச்சேன். ட்ரம்ஸ் சத்தத்துல ஒரு ஜனம் என்னைக் கேட்டதில்ல. இன்னிக்கு என் கிளாரினெட்டு தெருக்கோடி வரைக்கும் கேட்டுதுடா! பொண்ணு உனக்குத்தான்."

"இருங்க, இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு" என்றான் சடையப்பன்.

அதில் கதாநாயகிக்கும் ராஜரத்தினம் என்பவனுக்கும் கல்யாணம் நடந்தது. சந்திரகாந்தன் கிளாரினெட்டை ஆற்றில் எறிந்துவிட்டு, சாமியாராக மலையேறினான். பெத்தபெருமாள் தெருவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"அதை விட்டுத்தொலைங்கடா!" என்றார் வேதாசலம்.

"எப்படி மாமா விடறது? இவ்வளவு செஞ்சுட்டுக் கடைசியில விட்டா, வந்த வித்தை போயிடாதா?"

பவளக்கொடி வெளியே வந்தாள். "இதுக்கா அழறே? உன் பேரை ராஜரத்தினம்னு மாத்திக்க."

அவள் புத்தியை ஊரே மெச்சியது. ஆனால் சந்திரகாந்தன் இடம் காலியாகிவிட்டதே, மலைக்கு யார் போவது? சடையப்பன் போனால் படிக்க ஆள் இல்லை. எல்லாரும் உத்தண்டியைப் பார்த்தார்கள். நாலு பிள்ளை பெற்றவன் அவன். ஆனாலும் சிநேகிதனுக்காகச் சரி என்றான். கிளாரினெட்டை ஆற்றில் எறிந்தான். கயிறு கட்டக்கூடாது என்று புத்தகத்தில் போடாததால் வேதாசலம் முன்னதாகவே அதில் ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருந்து, திரும்ப இழுத்துக்கொண்டார். உத்தண்டி காவி கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கையசைத்துவிட்டு மலையேறினான்.

கல்யாணம் ஜோராக நடந்தது. இப்போது உத்தண்டியின் மனைவி பூரணி தினமும் தூக்குச்சட்டியில் மலைக்குச் சோறு கொண்டுபோகிறாள். சனிக்கிழமை தவறாமல் நூலகத்துக்கும் வருகிறாள்.

"சார், ரெண்டாம் பாகம் வந்துச்சா?"

"அப்படி ஒண்ணு எழுதவே இல்லம்மா."

"எழுதினா முதல்ல எனக்குத்தான் தரணும் சார். வீட்டுக்கூரை ஒழுகுது. இந்த மனுஷன் எத்தனாம் பக்கத்துல இறங்கி வர்றாருன்னு தெரிஞ்சா, ஓடு வாங்கி வெச்சிடுவேன்."