கேபிள் இல்லாமல் பேசிய கம்ப்யூட்டர்

சண்முகையா அண்ணாச்சிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் குருவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. "நான் ஜெனிட்டா டீச்சரோட சிஷ்யன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், தூத்துக்குடியில் கப்பல் சரக்கு அனுப்பும் எங்கள் ஆபீஸே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். குடோனிலிருந்து கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே அதிசயம்தான்.

அதிலும் பெரிய அதிசயம் அந்த இன்வென்டரி டூல். ஆபீஸிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு குட்டி சாஃப்ட்வேர் உட்கார்ந்துகொண்டு, "எனக்குள்ளே இன்னின்ன இருக்கு" என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எழுந்து நடக்காமல் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கலாம். அண்ணாச்சி அதைச் சினிமா பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

அன்று காலை அவர் போட்ட கத்தலில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

"கொள்ளை! பட்டப்பகல் கொள்ளை! தங்கபுஷ்பம் மெஷின்ல பதினாறு ஜிபி ரேம் இருந்துச்சு. இப்ப எட்டுதான் காட்டுது. பாதியைக் கழட்டி வித்துட்டா!"

தங்கபுஷ்பம் ஏற்றுமதிப் பேப்பர்களை டைப் அடிக்கிற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு அந்த டப்பாவைத் திறக்கக்கூடத் தெரியாது அண்ணாச்சி!"

மேனேஜர் வெளியே வந்து திரையைப் பார்த்தார். "பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா. மத்ததைப் போலீஸ் பாத்துக்கும்."

அந்த நேரத்தில்தான், கவுண்டரில் பேப்பருக்காக நின்ற லாரிக்காரர்களைத் தாண்டிக்கொண்டு ஜெனிட்டா உள்ளே வந்தார். அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"டீச்சர்! டூல் திருடியைப் பிடிச்சுக் குடுத்துருச்சு! அடுத்து என்ன செய்யணும்?"

"அந்த சிபியூவைக் கழட்டி இங்க கொண்டு வாங்க."

கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கரண்ட் வயர் இல்லை, நெட்வொர்க் கேபிள் இல்லை. ஜெனிட்டா மூடியைத் திறந்தார். எட்டு எட்டாக இரண்டு ரேம். பதினாறும் பத்திரமாக இருந்தது.

"அப்ப டூல் பொய் சொல்லுதா டீச்சர்?"

"அதுகிட்டயே கேட்டுப் பாருங்க."

அண்ணாச்சி ரிஃப்ரெஷ் அழுத்தினார். தங்கபுஷ்பத்தின் கம்ப்யூட்டருக்கு நேராகப் பச்சை விளக்கு! ஆன்லைனில் இருக்கிறதாம். எட்டு ஜிபியாம். இப்போதுதான் பேசியதாம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு மேஜைமேல் கிடக்கிற பெட்டி எப்படி ஐயா பேசும்?

"பேய்!" என்றார் மேனேஜர். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

ஜெனிட்டா அண்ணாச்சியிடம் கேட்டார். "நம்ம ஆபீஸ்ல இருந்துகிட்டே இந்தத் திரையில வராத மெஷின் ஏதாவது இருக்கா?"

அண்ணாச்சி திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"குடோன் மெஷின்! போன மாசம் நான்தான் போட்டேன், நேத்துதான் கேபிள் மாட்டினேன். ஒண்ணொண்ணா சாஃப்ட்வேர் ஏத்தச் சோம்பல்பட்டு, இந்தப் பிள்ளையோட டிஸ்க்கை அப்படியே காப்பி பண்ணிட்டேன்!"

"டூல் இந்த மெஷினுக்குன்னு ஒரு அடையாள நம்பர் குடுத்திருக்குமே, அது?"

"அதுவும் சேந்து போயிருக்கும்! ஏ யப்பா! சர்வர் ரெண்டையும் ஒரே ஆளுன்னு நினைச்சிருக்கு! கடைசியா எது பேசுதோ அதைக் காட்டுது!"

சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டார். படிகளில் தடதடவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் குடோனிலிருந்து போன் வந்தது.

"கேபிளைப் பிடுங்கிட்டேன்! இப்ப பாருங்க!"

பச்சை விளக்கு அணைந்தது. ஆபீஸே ஹோவென்று கத்தியது. நான் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினேன்.

அண்ணாச்சி அங்கே பழைய நம்பரை அழித்துவிட்டுக் கேபிளைத் திரும்ப மாட்டினார். நாங்கள் இங்கே தங்கபுஷ்பத்தின் சிபியூவை மூடி அதன் இடத்தில் பொருத்தினோம். திரையில் இப்போது இரண்டு வரிகள். தங்கபுஷ்பம், பதினாறு. குடோன், எட்டு. "சரி சரி, வேலையைப் பாருங்க" என்று மேனேஜர் தன் அறைக்குள் போய்விட்டார்.

அண்ணாச்சி மூச்சு வாங்க வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டும் தனித்தனியாத் தெரியுது டீச்சர்! எல்லாம் சரியாயிருச்சுல்ல?"

தங்கபுஷ்பம் இன்னும் பையைத் தோளில் மாட்டியபடி வாசலருகே நின்றிருந்தாள். அவள் பக்கம் யாருமே போகவில்லை. ஜெனிட்டா அவளைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார்.

"மெஷின் சரியாயிருச்சு. காலையில நீங்க கத்தினப்ப, பேப்பர் வாங்க வந்த லாரிக்காரங்க அத்தனை பேரும் கவுண்டர்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இப்ப ஆளுக்கொரு ஊருக்குக் கிளம்பிட்டாங்க. நீங்க சொன்னது எந்தெந்தக் காதுல போய் உக்காந்திருக்குன்னு எந்தத் திரையில பாப்பீங்க அண்ணாச்சி?"