இடது சக்கரத்துச் சடையன்

வெகு காலத்துக்கு முந்தி, எந்த ராஜா, எந்தச் சீமை என்று ஒருவருக்கும் நினைவில்லாத அளவுக்கு முந்தி, ஒரு கோயில் நகரம் இருந்தது, கேளுங்கள். அங்கே பனை உயரத்தில் ஒரு தேர். வடம் இழுக்க ஊரே திரண்டு வரும். ஆனால் அந்தத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் இரண்டே பேர்தான். வலது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் கொம்பையா. இடது சக்கரத்துக்குச் சடையன்.

தேர் கோயிலை வலமாகத்தானே சுற்றும்? அதனால் ஒவ்வொரு மூலையிலும் வலப்பக்கமே திரும்பும். கொம்பையா வலது சக்கரத்தடியில் கட்டையைச் செருகுவான். அந்தச் சக்கரம் நிற்கும், இடது சக்கரம் சுற்றிக்கொண்டு வரும், தேர் யானைபோல் அசைந்து திரும்பும். கூட்டம் கூத்தாடும். பிறகு சடையன் இடது பக்கம் கட்டை போட்டுத் தேரை நேராக்குவான். அதை யார் பார்த்தார்கள்? கூட்டம் அதற்குள் தேங்காய் உடைக்கப் போயிருக்கும்.

கட்டை விழும் முன்னால், வடம் பிடிப்பவர்கள் கையைத் தளர்த்துவதற்காக, "பொறு!" என்று கூவுவதும் சடையன் வேலைதான். குரல் அவனுடையது, பேர் கொம்பையாவுடையது.

அந்த வருஷம் ராஜா முரசு அறைந்து சொன்னார்: "தேர் பிசகில்லாமல் சுற்றி வந்தால், கடைசி மூலையில் திருப்புகிறவனுக்கு என் கையால் பரிவட்டம் கட்டுவேன்!"

திருப்புகிறவன் என்றால் வேறு யார்? கொம்பையாதான். சடையனுக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. கடைசியில் அவன் மனத்தில் ஒரு திட்டம் முளைத்தது. 'கடைசி மூலையில் என் கட்டையை ஒரு மூச்சு தாமதமாகப் போட்டால் போதும். தேர் நேராகாமல் இன்னும் திரும்பி, கோயில் மதிலில் போய் உரசும். கொம்பையா ஏகத்துக்குத் திருப்பிவிட்டான் என்று ஊர் அவனைத்தானே ஏசும்?'

தேர் புறப்பட்டது.

முதல் மூலை. "பொறு!" என்றான் சடையன். தேர் திரும்பியது. "போட்டான் பாருடா கொம்பையா!" என்றது கூட்டம்.

இரண்டாம் மூலை. "பொறு!" தேர் திரும்பியது. "அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!" என்றது கூட்டம்.

மூன்றாம் மூலை. "பொறு!" தேர் திரும்பியது. கூட்டத்தில் ஒரு குறும்புக்காரன் கேட்டான்: "ஏன் சடையா, நீ என்ன சாமிக்குப் பேச்சுத் துணையா நடந்து வர்றியா?" எல்லோரும் சிரித்தார்கள். சடையன் பல்லைக் கடித்துக்கொண்டான். 'இருங்கடா, இன்னும் ஒரு மூலைதான்.'

கடைசி மூலை வந்தது. அங்கே தெரு சரிவு. ராஜா பரிவட்டம் கட்டப் பட்டுத் துணியோடு காத்து நின்றார். தேர் கடகடவென்று இறங்கியது. கொம்பையா கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். யாரோ கொட்டிய நீர்மோரில் கால் வழுக்கியது. கட்டை ஒரு பக்கம், கொம்பையா ஒரு பக்கம். அவன் விழுந்த இடம் வலது சக்கரத்துக்கு நேர் முன்னால்!

சடையனுக்குள்ளே பொறாமை கிசுகிசுத்தது: 'நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நில். வலது சக்கரம் உன் பொறுப்பில்லையே?'

சடையன் வாயைத் திறந்தான்.

"பொறு!"

வடம் பிடித்தவர்களுக்குச் சொன்னானோ, தன் மனத்துக்குத்தான் சொன்னானோ, அவனுக்கே தெரியாது. வடங்கள் தளர்ந்தன. ஆனாலும் சரிவில் தேர் நிற்கவில்லை. சடையன் கட்டையோடு தேரின் குறுக்கே பாய்ந்தான். கொம்பையாவின் இடுப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே கட்டையைச் செருகித் தோளைக் கொடுத்தான்.

வலது சக்கரம் முனகிக்கொண்டு நின்றது. இடது சக்கரம் சுற்றியது. தேர் திரும்பியது!

ஆனால் இடது பக்கம் ஆளில்லையே! தேர் இன்னும் திரும்பி மதிலை நெருங்கியது. "மச்சான், இடது!" என்று அலறினான் சடையன். கொம்பையா உருண்டு எழுந்து, தன் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் ஓடிச் செருகினான். மதிலுக்கு ஒரு சாண் இருக்கும்போது தேர் நேராகி நின்றது.

ஊர் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

"தேரைத் திருப்பியது யார்?" என்று கேட்டார் ராஜா.

"சடையன், மகாராஜா!" என்று முந்திக்கொண்டு கத்தினான் கொம்பையா. "என்னையும் சேர்த்துக் காப்பாத்தினான்!"

ராஜா தம் கையாலேயே சடையனுக்குப் பரிவட்டம் கட்டினார். சடையன் கொம்பையாவின் முகத்தையே பார்த்தான். அதில் எரிச்சல் ஒரு துளியாவது இருக்கிறதா என்று தேடினான். இல்லை. கொம்பையா தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அடேய் மச்சான், திரும்புற தேரோட பாரம் முழுக்க இந்தப் பக்கந்தானடா சாயுது! இத்தனை வருஷமா இதையா தாங்கிக்கிட்டு இருந்தே? எனக்கு ஒரு தடவைக்கே தோள்பட்டை கழண்டுபோச்சு!"

ஊரெல்லாம் சிரித்தது. சடையனும் சிரித்தான், வயிறு குளிரச் சிரித்தான். வடங்கள் மறுபடி இறுகின. இருவரும் அவரவர் கட்டையோடு நடக்க, தேர் ஆடி அசைந்து தன் நிலைக்கு வந்து சேர்ந்தது.

பொறாமை யார் மனத்திலும் எழும். ஆனால் அது சொன்னபடி கையை ஆடவிடாமல், செய்ய வேண்டிய நன்மையைச் செய்கிறவனே அதை வெல்கிறான்.