உடைந்த வளையலில் மூன்று பிள்ளைகள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, பல்லிகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாட்களில், பவளபுரி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது.

அந்த ஊர் ராணி மரகதவல்லிக்கு வளைகாப்பு நடந்தது. பெண்கள் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள். மந்திரவாதி கருவேலனின் மனைவியை மட்டும், "பிள்ளை பெறாதவள் கை படக்கூடாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருவேலனுக்கு வந்ததே கோபம்! அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வாசலை லேசில் மறக்க முடியாது. ஆனால் அதை ஒரு பிள்ளைத்தாய்ச்சி மேல் காட்டினான் பாருங்கள், அதுதான் தப்பு.

ராணிக்கு வலி கண்டதும் பிரசவ அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ராணி உள்ளே, மருத்துவச்சி வெளியே. கதவின் மேல் கருவேலன் ஏவிவிட்ட பச்சைப் பல்லி ஒன்று, முழ நீளத்தில்.

"ச்சு, ச்சு! பிள்ளை இல்லாத ஒருத்தி, தான் சுமந்த பிள்ளையைக் காட்டட்டும். அதுவரை கதவு திறக்காது, குழந்தை பிறக்காது. பொழுது சாய்ந்தால் தாயும் பிழைக்க மாட்டாள்!"

ராஜா வாளால் வெட்டினார். திறக்கவில்லை. யானை முட்டியது. திறக்கவில்லை. பூசாரி மந்திரம் சொன்னார். திறக்கவே இல்லை.

அரண்மனைக்கு வளையல் செய்து தருகிறவள் செம்பவளம். மூன்று முறை சுமந்தாள். மூன்றும் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கி, பலகையில் சுண்ணாம்பு பூசி, அதில் பதித்து ஒரு பிள்ளை செய்தாள். பாயால் மூடி வைத்தாள். யாருக்கும் காட்டியதில்லை.

செய்தி கேட்டுப் பலகைகளை எடுத்தாள். கணவன் மாயாண்டி மறித்தான்.

"போகாத புள்ள. உன் வளையல வாங்கிட்டு உன்னயும் வாசலோட நிறுத்துனவங்கதான அவங்க?"

"மறக்கலங்க. ஆனா அந்த வலி எனக்குத் தெரியுமே. ஒரு பக்கம் பிடிங்க."

பிரசவ அறை வாசலில் பலகைகளைக் கண்டு பல்லி சிரித்தது. "இது வெறும் கண்ணாடித் துண்டு!"

செம்பவளம் நீலப் பலகையைக் காட்டினாள். "இது மூணு மாசம். கண்ணு மட்டும்தான் செஞ்சேன். அதுக்கு மேல அவன எனக்குத் தெரியாது."

பச்சைப் பலகையைக் காட்டினாள். "இது அஞ்சு மாசம். ஒரே ஒரு நாள் மீன் மாதிரி துள்ளினா. அந்தத் துள்ளலத்தான் செஞ்சேன்."

சிவப்புப் பலகையைக் காட்டினாள். "இது எட்டு மாசம். நகம் வரைக்கும் செஞ்சேன். அழுகைய மட்டும் எப்படிச் செய்யறதுன்னு தெரியல."

பல்லி சிரிக்கவில்லை. கண்ணாடித் துண்டுகள் கிணுகிணுவென்று நடுங்கின. சிவப்புப் பிள்ளை வாய் திறந்து, வீல் என்று அழுதது. உள்ளேயிருந்து இன்னொரு அழுகை பதில் சொன்னது. வீல்!

பூட்டு கழன்று விழுந்தது. பல்லி விரல் அளவாகிச் சுவரில் ஓடிப்போனது.

ராணி தன் கை வளையலைக் கழற்றிச் செம்பவளத்துக்குப் போட்டாள். "அக்கா, உங்க பிள்ளை கூப்பிட்டதாலதான் என் மகன் வந்தான். இவனுக்கு மூத்தவங்க மூணு பேர்."

செம்பவளம் அழுதாள். "அதுங்களப் பிள்ளைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா. இது போதும் எனக்கு."

அன்றே கருவேலன் மனைவிக்குப் பல்லக்கு போனது. மன்னிப்புக் கேட்டு உள்ளே அழைத்துப் போனாள் ராணி. கருவேலன் வாசலில் தலைகுனிந்து நின்றான். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

அதுமுதல் பவளபுரியில் எந்த வளைகாப்பிலும் முதல் வளையலைப் போடுவது மடி காலியான பெண்தான். மூன்று பலகைகளும் தொட்டிலுக்கு மேலே தொங்கின. காற்றடித்தால் மூத்தவர்கள் மூவரும் கிணுகிணுக்க, தம்பி அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பான். அவர்கள் நன்றாயிருந்தார்கள். கேட்ட நீங்களும் நன்றாயிருங்கள்.